அப்பாவிடம் இருக்கும் கிருமி

நெல்லித்தோப்பு
9 ஜூன் 2023

அன்புத் தம்பி இனியவனுக்கு,

நீயும் சுமலதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை, வெயில்தான் குறையவில்லை.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. உன் மாமா மெயில் போடச் சொல்லிக்கொடுத்தார். ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து உப்பளம் முதியோர் இல்லத்துக்கே திரும்பிவிட்டார். அவரை அங்கே சேர்த்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பக்கவாதம் வந்த இடது பக்கம் அப்படியே இருக்கிறது, சிறுநீர்க் குழாய் அப்படியே, வாய் மட்டும் முன்னைவிடப் பலம். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் சிறுநீரைச் சோதித்த ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பெயருக்கு எதிரே ‘ஆர்’ என்று இருந்தால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அசையாதாம். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். கடைசி இரண்டுக்குத்தான் வேறு எழுத்து. டாக்டர் கமலாவைப் பார்த்து விவரம் கேட்டு எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் மாமியார் வீட்டில் ஹேமாவுக்கு நாலாம் மாதம் முடிகிறது. வாந்தி நின்று, இப்போது மாங்காயாகக் கேட்கிறாளாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவந்துவிடுவேன். முன் ரூமை அவளுக்காக ஒழித்து வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா கார்குழலி


துலூஸ்
12 ஜூன் 2023

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இங்கே பிரான்சில் பள்ளிக்கூட கேன்டீனில் விடுமுறைக்கு முன்பு வேலை அதிகம். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, வீட்டில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்கிறேன்.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று நன்றாக விசாரி. தண்ணீரா, சாப்பாடா? கடைசி இரண்டு மருந்து இருக்கிறதே, அதை இப்போதே போட்டு ஒரேயடியாக ஒழித்துவிடச் சொல். ஏன் காத்திருக்கிறார்கள்? சுமலதா வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் இந்தக் கிருமி வந்திருக்கிறதாம். அவள் என்னவோ விளக்கினாள், எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

மாமாவை விசாரித்ததாகச் சொல். ஹேமாவுக்கு மாங்காய் நான் வாங்கிக் கொடுத்ததாக வைத்துக்கொள்.

இனியவன்


நெல்லித்தோப்பு
27 ஜூன் 2023

தம்பி இனியவனுக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நலம். மாமாவுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் இந்த மாதம் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குகிறார்.

டாக்டர் கமலாவிடம் உன் கேள்விகளை எல்லாம் கேட்டேன். “இது காத்துல வர்றது இல்லம்மா. கையாலதான் போவுது. ஒருத்தர தொட்ட கை, பாத்திரம், துணி, அப்படியே அடுத்தவங்ககிட்ட போயிடும்” என்றார். உன் இரண்டு மருந்தையும் கேட்டேன். “காய்ச்சல் இல்லாதப்ப குடுக்கவே கூடாது. கிருமி சும்மா உடம்புல தங்கியிருக்கு. இப்ப போய் குடுத்தா, நாளைக்கி நெசமாவே சீக்கு வர்றப்ப அந்த மருந்தும் கேக்காது. சிறுநீர் கொஞ்சம் கலங்கலா போனாகூட இல்லத்துல சோதிக்காம மாத்திரை குடுத்துக் குடுத்துதான் இவ்ளோ தூரம் வந்திருக்கு” என்றார்.

அன்று இல்லத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கொளஞ்சி என்று ஒரு பெண், நல்லவள், அப்பாவைத் திட்டாமல் குளிப்பாட்டுபவள். இருபது பேருக்கு இரண்டு பேர்தான் வேலைக்கு. ஒரு ஜக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சிறுநீர்ப் பையைக் காலி செய்தாள். அதே ஜக், அதே கையுறை. நானும் இரண்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையுறை போட்டிருக்கிறாளே, சுத்தம் பார்க்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தக் கையுறை அவள் கையை மட்டும்தான் காப்பாற்றியது.

மேனேஜர் ராஜவேலிடம் சொன்னேன். தனித்தனி ஜக் வாங்குவதாகச் சொன்னார். மற்றவர்களையும் சோதித்ததில் அப்பாவின் பக்கத்துக் கட்டில் சுப்பிரமணியன் சாருக்கும் அதே கிருமி. இரண்டு பேரையும் பின்னால் ஒரு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து உள்ளே தள்ளுகிறார்கள்.

“ஏண்டி குழலி, நான் இன்னா குத்தம் பண்ணேன்?” என்று அப்பா கேட்டார். கிருமி என்றேன். “எனக்குத்தான் காய்ச்சலே இல்லியே” என்றார்.

சுமலதாவுக்கு என் அன்பு.
கார்குழலி


துலூஸ்
30 ஜூன் 2023

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாற்பது வருடம் மில்லில் நூல் சுற்றிய மனிதருக்குத் தட்டைத் தள்ளுகிறார்களா?

வேறு இடம் பார்த்துவிட்டேன். சேதராப்பட்டு போகிற வழியில் என்னோடு படித்த பிரேம்குமார் ஓர் இல்லம் நடத்துகிறான். காற்றோட்டமான இடம். பேசிவிட்டேன், கட்டில் இருக்கிறதாம். நீயும் மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகாதே. அப்பாவுக்கு நோய் இல்லை என்று டாக்டரே சொல்கிறார். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கேட்காதபோது நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

பதில் சீக்கிரம் போடு.
இனியவன்


நெல்லித்தோப்பு
28 ஜூலை 2023

அன்புள்ள இனியவனுக்கு,

நீயும் சுமலதாவும் நலம்தானே? ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபத்தினால் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாததால்.

பிரேம்குமாரின் இல்லத்துக்குப் போனோம். டீ கொடுத்தான், உன்னை விசாரித்தான். எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “உங்கப்பாவா வரப்போறாரு? ரம்மி ஆடுவாரா? நாங்க மூணு பேருதான் கீறோம், இன்னொருத்தர் இருந்தா நல்லாருக்கும்” என்றார். அவர் நாற்காலிக்குக் கீழேயும் ஒரு சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

ரிப்போர்ட் என் பைக்குள்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

பிரேம்குமார் முழுவதும் படித்தான். “சொன்னதுக்கு நன்றிக்கா. யாரும் சொல்றதில்ல. ஆனா எங்கிட்ட தனி ரூம் கெடையாது. என்னால முடியாதுக்கா” என்றான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மாமா, “நானா இருந்தா காட்டியிருப்பனான்னு தெரியல” என்றார்.

நகரத்தில் இன்னும் இரண்டு இடம் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றார்கள்.

சுப்பிரமணியன் சார் போன வாரம் இறந்துவிட்டார். திடீரென்று காய்ச்சல், குளிர், மறுநாள் நினைவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகனிடம் வயதாகிவிட்டது என்று சொன்னார்கள். எண்பது வயதுக்காரருக்கு அந்தக் காரணம் எப்போதும் பொருந்தும். நான் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கிருமியைப் பற்றிச் சொன்னேன். ராஜவேல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளே, மாதக் கடைசிக்குள் அப்பாவை அழைத்துப் போய்விடும்படி சொல்லிவிட்டார்.

அப்பா காலியான கட்டிலைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் பதிலை எதிர்பார்த்து,
கார்குழலி


துலூஸ்
29 ஜூலை 2023

அக்கா,

இங்கே நலம். அப்பாவை நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிடு. வீடு இருக்கிறது, முன் ரூம் இருக்கிறது, இன்னும் யாரிடம் போய் நிற்பது? நான் அங்கே இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

இனியவன்


நெல்லித்தோப்பு
14 ஆகஸ்ட் 2023

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா வந்துவிட்டார். முன் ரூமில் கட்டில் போட்டாயிற்று. அவருக்குத் தனி ஜக், தனி மக், தனித் துணி. அவர் பையைத் தொட்டதும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கக்கூஸ் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு தடவையும் ப்ளீச்சிங் பவுடர். இந்த அளவு செய்தால் எனக்கும் மாமாவுக்கும் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். தெருச் சத்தம் கேட்பதில் அப்பாவுக்குச் சந்தோஷம். மீன்காரம்மாவிடம் ஜன்னல் வழியாக விலை பேசுகிறார்.

ஹேமா நன்றாக இருக்கிறாள்.

அக்கா


துலூஸ்
24 செப்டம்பர் 2023

என் அன்பு அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதுவரை அப்பாவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறேன், உன்னைக் கேட்டதே இல்லை.

நேற்று ஹேமா விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள். தாய்மாமன் வளைகாப்புக்கு வரவில்லை என்று சண்டை போடப்போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவள் அழுதாள். “மாமா, என்ன அம்மாகூட அனுப்பறதுக்கு என் மாமியார் எல்லாம் கட்டி வெச்சிட்டாங்க. அம்மா வளையல் போட்டாங்க, என் மாமியார் கையப் புடிச்சி ‘எம் பொண்ண நீங்களே பாத்துக்குங்க’ன்னாங்க, ஆட்டோ ஏறிட்டாங்க. தாத்தாவுக்கு இன்னான்னு எனக்குத் தெரியும். ஆனா தாத்தாவா நானான்னு வந்தா தாத்தாதான், இல்ல மாமா?” என்றாள்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். முன் ரூமுக்கு யாருக்காக வெள்ளையடிக்கிறாய் என்று ஜூன் மாதமே எழுதியிருக்கிறாய். அதே ரூமில் கட்டிலைப் போடு என்று ஜூலையில் நான் எழுதியிருக்கிறேன். நீயும் போட்டுவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.

சுமலதாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரிப்போர்ட்டை மறைக்கச் சொன்ன கடிதத்தையும். “எங்க இல்லத்துல ஒரு குடும்பம் அப்படி மறைச்சா, அத தூக்கிக்கினு போறது என் கையிதான்” என்றாள்.

அக்டோபர் பத்தாம் தேதி வருகிறேன். ஒரே கக்கூஸ் உள்ள வீட்டில் பச்சைக் குழந்தையையும் அப்பாவையும் ஒருவரே பார்க்க முடியாது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ விழுப்புரத்துக்குப் போய் ஹேமாவோடு இரு. வேலை என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதே.

இனியவன்


நெல்லித்தோப்பு
16 நவம்பர் 2023

அக்காவுக்கு,

நீ, ஹேமா, மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார் எல்லோரும் சுகம்தானே? அப்பா நன்றாக இருக்கிறார்.

நீ விழுப்புரம் போன பிறகு எனக்கு எல்லாம் பழகிவிட்டது. குழாய்ப் பையை முதல் நாள் காலி செய்தபோது வெளியே போய் வாந்தி எடுத்தேன். இப்போது அப்படி இல்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கை எல்லாம் வெள்ளையாக உரிகிறது. என் சாம்பாரைக் குடித்துவிட்டு, “பிரான்சுல இதத்தான் ஊத்துறானா? பாவம்டா பசங்க” என்றார் அப்பா. சாப்பாடு குறைவாகத்தான் சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தனக்கொடி அக்கா அவ்வப்போது எட்டிப் பார்க்கிறார்.

இங்கே விடாத மழை. நெட் சரியில்லை, அதனால் பதில் தாமதமானால் பயப்படாதே. நீ ஹேமாவை விட்டு இப்போது வர வேண்டாம். அப்பா நன்றாக இருக்கிறார்.

இனியவன்


விழுப்புரம்
23 நவம்பர் 2023

இனியவனுக்கு,

முதலில் நல்ல செய்தி. நேற்றுக் காலை ஹேமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். மூக்கு நம்முடையது, பாவம்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். உன் கடிதத்தில் அப்பா ‘நன்றாக இருக்கிறார்’ என்று மூன்று இடத்தில் வருகிறது. நன்றாக இருப்பவரைப் பற்றி அத்தனை தடவை எழுத வேண்டியதில்லை. ஆகஸ்டில் நானும் ‘ஹேமா நன்றாக இருக்கிறாள்’ என்றுதான் எழுதினேன். மாமாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார், தனக்கொடிக்குப் போன் செய்தால் பிடி கொடுக்காமல் பேசுகிறாள்.

குழந்தை பிறந்துவிட்டது. இனி என்னிடம் சொல்லலாம். உயிரோடு இருக்கிறாரா?

கார்குழலி


நெல்லித்தோப்பு
24 நவம்பர் 2023

அக்கா,

உயிரோடு இருக்கிறார். வீட்டில்தான் இருக்கிறார். இதோ பக்கத்தில் குறட்டை விடுகிறார்.

போன கடிதத்தை நான் ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதினேன். அதற்கு முதல் நாள் அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. சுப்பிரமணியன் சாருக்கு வந்ததாக நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரிக் குளிர். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அவசரப் பிரிவில் நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தபோது, “மொதல்ல இத பாருங்க சிஸ்டர்” என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நகர்ந்து நின்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் போய் அங்கி மாட்டிக்கொண்டு திரும்பி வந்து ஊசி போட்டார். வார்டின் கோடியில் தனிக் கட்டில் கொடுத்தார்கள்.

டாக்டர் கமலா வந்தார். மிச்சமிருப்பதில் ஒன்று பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும், போட்டாலும் பிழைப்பார் என்று சொல்ல முடியாது, போடாவிட்டால் நிச்சயம் இல்லை என்றார். யாரையாவது கலந்து பேச வேண்டுமா என்று கேட்டார். உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. சொன்னால் நீ ஓடிவருவாய். அப்பாவைத் தொடாமல் உன்னால் இருக்க முடியாது. தொட்டுவிட்டு ஹேமாவிடம் திரும்பிப் போகவும் உனக்கு மனம் வராது. மருந்தைப் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் உயிரை உன்னைக் கேட்காமல் தீர்மானித்தேன். அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

நாலைந்து நாள் பிதற்றினார். மில் சங்கு ஊதிவிட்டது, சட்டை எங்கே என்றார். பிறகு காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, முன்போல ஆகாதாம். கிருமி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. அடுத்த தடவை இந்த மருந்தும் கேட்குமா என்று தெரியாது என்றார் டாக்டர்.

குழந்தை பிறந்ததைச் சொன்னேன். “எங்க பொறந்துச்சி?” என்றார். விழுப்புரத்தில் என்றேன். “என்னாலதானே?” என்றார். மழை பெய்கிறது, சாலை சரியில்லை என்று ஏதோ சொன்னேன். நம்பவில்லை.

ஹேமாவுக்கும் குட்டிக்கும் மாமாவின் முத்தங்கள்.
இனியவன்


நெல்லித்தோப்பு
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தது பற்றிச் சுமலதா எழுதியிருந்தாள். உனக்கு வேறு கேன்டீனில் வேலை கிடைத்துவிட்டதாமே. பழைய வேலை போய்விட்டது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. அதோடு விடுகிறேன். மருந்தைப் போடச் சொன்னதற்கு நான் உன்னைத் திட்டவும் இல்லை, திட்டப்போவதும் இல்லை.

அப்பா பாதி நேரம் தூங்குகிறார். காலில் வீக்கம் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. கொளஞ்சி உப்பளத்து வேலையை விட்டுவிட்டாள். நான் கூப்பிட்டேன், இப்போது தினம் காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். அங்கே இன்னும் மூன்று பேருக்கு வந்ததாம். அதற்கு அப்புறம்தான் கட்டிலுக்கு ஒரு ஜக் வாங்கினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமா குழந்தையோடு வந்தாள், சாயங்காலம் திரும்பிவிடுவதாக. பாப்பா நல்ல எடையில் இருக்கிறது, தாத்தாவின் கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தொடவிடலாம் என்று டாக்டர் கமலா சொல்லியிருந்தார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன் ரூமுக்குள் நுழைந்தேன். அப்பா பார்த்தார். பார்த்ததும் தன் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“வேணாண்டி. அங்கயே நில்லு. எங்கிட்ட அது இருக்குது.”

“டாக்டர் தொடலாம்னுட்டாங்கப்பா.”

“டாக்டருக்கு இன்னா, அது அவங்க பேத்தியா?”

ஹேமா என் பின்னால்தான் நின்றிருந்தாள். வளைகாப்புக்குப் பிறகு அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசியதில்லை, விழுப்புரத்தில் மூன்று மாதம் ஒரே அறையில் படுத்திருந்தும் கூட. உள்ளே போய் ஒரு பேசினில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அந்தக் கையை வெளியே எடுத்தாள். அவர் இழுத்துக்கொண்டார். “சும்மா இரு தாத்தா” என்று அதட்டினாள். விரல் விரலாக, நகத்தின் அடியிலும் மணிக்கட்டிலும் சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீரை மாற்றிக்கொண்டுவந்து மறுபடியும் கழுவினாள். புதுத் துண்டால் துடைத்துவிட்டாள். பிறகு தன் கையையும் கழுவிக்கொண்டு, என்னிடமிருந்து பாப்பாவை வாங்கி, அதன் காலை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் விரலை மடக்கவே இல்லை. விரித்தபடியே வைத்திருந்தார். பாப்பாதான் உதைத்துக்கொண்டிருந்தது.

“இன்னா உதை உதைக்குது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தொட்டேன்னு எழுதுடி அவனுக்கு” என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் அக்கா
கார்குழலி